மெசின் வாங்கியும் படுத்துப்போன தொழில்: ஒரு கொப்பி சொல்லித் தந்த பாடம்

எங்கள் வீட்டுக் குசினி மூலையில் முறுக்குப் பிழியும் மெசின் ஒன்று துணி போர்த்தபடி நிற்கிறது. 2018ஆம் ஆண்டு ஆவணி மாதம் வாங்கியது. என் கலியாணத்துக்கு அம்மா போட்ட காப்புகளை அடைவு வைத்து எடுத்த ஒரு இலட்சத்து எண்பதினாயிரம் ரூபா அதற்குள் போனது. மெசின் வந்தால் தொழில் பெருகும் என்று நம்பினேன். மெசின் வந்த ஆறாம் மாதம் தொழிலை மூடுவதா விடுவதா என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

சுயதொழில் செய்யும், செய்ய நினைக்கும் சகோதரிகளுக்காகவே இதனை எழுதுகிறேன். நான் விட்ட பிழையை நீங்களும் காசு கொடுத்துக் கற்க வேண்டியதில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. கணவர் 2004இல் நோயில் படுத்த பிறகு, பயற்றம் பணியாரமும் முறுக்கும் சுட்டு அயலில் விற்கத் தொடங்கினேன். வெளிநாட்டிலிருந்து ஆடி, ஆவணி விடுமுறைக்கு வருகிறவர்கள் திரும்பும்போது கிலோக் கணக்கில் வாங்கிப் போவார்கள். கடைகளும் கேட்கத் தொடங்கின. 2018 அளவில் தெஹிவளையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை இருபத்திரண்டு கடைகளுக்குப் பக்கெற் போட்டுக் கொண்டிருந்தேன். என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்தார்கள்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது நல்ல வளர்ச்சி. ஆனால் மாதக் கடைசியில் என் கையில் காசு இல்லை. "கேட்கிற அளவுக்குச் செய்து கொடுக்க முடியவில்லை, அதுதான் குறை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மெசினை வாங்கினேன்.

மச்சாள் கொண்டு வந்த கொப்பி

மெசின் வந்த பின் நிலைமை இன்னும் மோசமானது. கடைகளிலிருந்து திரும்பி வரும் பக்கெற்றுகள் கூடின. பிரித்தால் எண்ணெய் மணம். எண்ணெய் சுடும் பிள்ளையில் எனக்குக் கோபம் வந்தது. எண்ணெயை அவள் சரியாகச் சூடாக்கவில்லை, வடிய விடவில்லை என்று மற்றவர்களுக்கு முன்னால் ஏசிவிட்டேன். பத்து வருடமாக என்னோடு நின்றவள். "நான் சொன்னேன் தானே அக்கா, சாமான் கூட நாள் கடையில கிடக்குதுன்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த நாளிலிருந்து வரவில்லை.

அந்த நேரத்தில்தான் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சாள் வந்து ஒரு கிழமை எங்களோடு தங்கினார். புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் இருபது வருடம் கணக்கு எழுதியவர். அவர் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். மா எத்தனை மணிக்குக் குழைத்தது, எத்தனை மணிக்குப் பிழிந்தது, எப்போது தாச்சியில் போட்டது, எப்போது ஆறியது, எப்போது பொதி செய்தது, எந்தக் கடைக்கு எத்தனை போனது, எத்தனை திரும்பியது, காசு எப்போது வந்தது என்று ஒவ்வொன்றையும் எழுதினார்.

ஏழாம் நாள் இரவு கொப்பியை என் முன் வைத்துக் கேட்டார்: "மச்சாள், நீங்கள் முறுக்கு விக்கிறியளோ, கடைக்காரருக்குக் கடன் குடுக்கிறியளோ?"

கொப்பியில் இருந்தது இதுதான். எங்கள் இரண்டு தாச்சிகளிலும் ஒரு மணித்தியாலத்துக்கு ஐந்து கிலோ முறுக்குத்தான் பொரிக்கலாம். ஆறு மணித்தியாலம் நின்றால் முப்பது கிலோ. கையால் பிழிந்தபோதே இரண்டு பெண்கள் மணிக்கு ஆறு கிலோ பிழிந்தார்கள். ஆகவே பிழிவதில் எங்களுக்கு ஒருநாளும் தட்டுப்பாடு இருந்ததில்லை. மெசின் மணிக்குப் பதினைந்து கிலோ பிழியும். முப்பது கிலோவை இரண்டு மணித்தியாலத்தில் பிழிந்துவிட்டு மற்ற நேரம் சும்மா நிற்கும். பிழிந்து வைத்தது காற்றுப்பட்டு உலர்ந்து, பொரிக்கும்போது உடையும்.

அடுத்தது காசு. அரிசிமா, உழுந்து, எண்ணெய் எல்லாம் கைக்காசுக்கு வாங்குகிறேன். சுட்டுப் பொதி செய்து கடைக்குப் போக நான்கு நாள். கடைக்காரர் காசு தருவது சராசரி முப்பத்தைந்து நாளில். மொத்தம் முப்பத்தொன்பது நாள். அந்தக் காலத்தில் ஒரு நாள் செலவு ஒன்பதினாயிரம் ரூபா. முப்பத்தொன்பதால் பெருக்கினால் மூன்று இலட்சத்து ஐம்பத்தோராயிரம். எந்த நாள் பார்த்தாலும் அவ்வளவு காசு வெளியில் நித்திரை கொள்கிறது. நானோ ஒரு இலட்சத்து எண்பதினாயிரத்துக்குக் காப்பை அடைவு வைத்திருக்கிறேன்.

மூன்றாவது விடயம்தான் என் நெஞ்சைச் சுட்டது. திரும்பி வந்த பக்கெற்றுகள் அநேகமாக எல்லாம் கடையில் ஐந்து கிழமைக்கு மேல் கிடந்தவை. ஓட்டோச் செலவை மிச்சம் பிடிக்கக் கடைக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய், தேவைக்கு மேல் பக்கெற் தள்ளிவிட்டு வந்தது நான். பொரித்த பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை.

உடம்பைப் போலத்தான் தொழிலும்

பாடசாலையில் சமிபாட்டுத் தொகுதி, குருதிச் சுற்றோட்டத் தொகுதி, நரம்புத் தொகுதி என்று படித்தோம். ஒவ்வொன்றுக்கும் தனித் தொழிற்பாடு உண்டு. ஆனால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டுதான் உடம்பு நடக்கிறது. கால் வீங்கினால் கெட்டிக்கார வைத்தியர் காலை மட்டும் பார்ப்பதில்லை. இருதயமா, சிறுநீரகமா என்றும் பார்ப்பார்.

வியாபாரத்திலும் வாங்குதல், செய்தல், தரம் பார்த்தல், விற்றல், காசு சேர்த்தல், வேலை செய்கிறவர்களைப் பார்த்தல், வெளியுலகம் எப்படி மாறுகிறது என்று கவனித்தல் எனப் பல தொழிற்பாடுகள் உண்டு. ஓரிடத்தில் வரும் நோவுக்குக் காரணம் இன்னோர் இடத்தில் இருக்கும். என் நோவு "சாமான் போதவில்லை" என்று தெரிந்தது. நோய் இருந்ததோ காசு சேர்ப்பதிலும் விநியோகத்திலும்.

ஸ்டாஃபோர்ட் பியர் என்ற பிரித்தானிய அறிஞர் இதை ஒரு துறையாகவே வளர்த்தார். 1972இல் வெளியான அவருடைய நூலொன்றில், ஒரு நிறுவனம் பிழைத்திருக்க வேண்டுமானால் மனிதனின் நரம்புத் தொகுதியைப் போல அமைய வேண்டும் என்று விளக்கினார். கையில் நெருப்புப் பட்டால் மூளை யோசித்து முடிவெடுக்கும் வரை கை காத்திருப்பதில்லை, தானாக இழுத்துக்கொள்ளும். அதுபோல வேலை நடக்கும் இடத்திலேயே சில தீர்மானங்களை எடுக்க இடம் விட வேண்டும் என்பது அவர் கருத்து. மேலே இருப்பவர் முழுதையும், நாளைக்கு வரப்போவதையும் பார்க்க வேண்டும்.

சிலி நாட்டில் ஜனாதிபதி அலெண்டேயின் அரசு 1971இல் அரச தொழிற்சாலைகளை இந்த முறையில் நடத்த அவரை அழைத்தது. தொழிற்சாலைகளை டெலெக்ஸ் மூலம் இணைத்தார்கள். 1972 ஒக்டோபரில் லொறி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஓடிக்கொண்டிருந்த சுமார் இருநூறு லொறிகளை எங்கே என்ன தேவை என்ற செய்தியை உடனுக்குடன் வாங்கி அனுப்பி, அரசு சமாளித்தது. 1973 செப்டெம்பரில் நடந்த இராணுவப் புரட்சியோடு அந்த முயற்சி நின்றுபோனது. ஆனால் ஒரு விடயம் நிரூபணமானது. கையில் இருப்பது குறைவாக இருந்தாலும், செய்தி நேரத்துக்கு வந்தால் அதைக் கொண்டு நிறையச் செய்யலாம்.

பம்பாய் மொட்டைமாடியில் ஏழு பெண்கள்

சிலியும் டெலெக்ஸும் நமக்குத் தூரம் என்று நினைக்கும் சகோதரிகளுக்கு, அப்பளம் உருட்டிய பெண்களின் கதை கிட்ட இருக்கும்.

1959 மார்ச் 15ஆந் திகதி பம்பாய் கிர்காமில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடி அப்பளம் செய்தார்கள். முதல் எண்பது ரூபா கடன். சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூக சேவையாளர் கொடுத்தார். அன்று செய்தது நான்கு பக்கெற். அதுதான் இன்று நாற்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் பங்காளிகளாக உள்ள லிஜ்ஜத் அப்பள நிறுவனம். தொடங்கியவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதை அறிவித்தது.

அவர்களும் தொடக்கத்தில் தடுமாறியவர்கள்தான். முதல் வருடம் மழைக் காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் வேலை நின்றது. அவர்கள் கூடுதலாக அப்பளம் உருட்ட வழி தேடவில்லை. தடை உலர்த்துவதில் இருக்கிறது என்று கண்டார்கள். அடுத்த வருடம் ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலில் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்தார்கள். மழையிலும் தொழில் நடந்தது. ஒரு கட்டிலோடு தீர்ந்த பிரச்சினை அது.

முதலில் நல்ல தரம் ஒன்றும் மலிவான தரம் ஒன்றுமாகச் செய்தார்கள். ஒரே தரம் போதும், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்று பாரேக் சொன்னதை ஏற்றார்கள். மாவை ஓரிடத்தில் குழைப்பார்கள். பெண்கள் உருண்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம் நேரத்துக்கு அப்பளமாக்கிக் காயவைத்து மறுநாள் கொண்டு வருவார்கள். அங்கே தரம் பார்த்து, எடுத்துக்கொண்டதற்கு உடனே கூலி கொடுப்பார்கள். இலாபமும் நட்டமும் பங்காளிகளுக்கே. குழைத்தல், உருட்டல், தரம் பார்த்தல், காசு என்ற நான்கும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். நாள்தோறும் தரம் பார்ப்பதால் பிழை ஒரு நாளுக்கு மேல் மறைந்திருக்க முடியாது. எனக்கோ பிழை தெரிய ஐந்து கிழமை எடுத்தது.

திரும்பக் கூப்பிடப் போனேன்

மச்சாள் கொப்பியை மூடிய மறுநாளே முகத்துவாரத்தில் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காகக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருந்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தாயோடு விட்டுவிட்டுப் போகிற ஆயத்தம். எனக்குப் பேச்சு வரவில்லை. "பிழை என்னுடையது, கொப்பியைப் பார்" என்று நீட்டினேன். அவள் கொப்பியைப் பார்க்கவில்லை. ஒரு கிழமை கழித்து வந்து ஒரு நிபந்தனை வைத்தாள். "பக்கெற்ல திகதி நான்தான் போடுவேன். பழசு இருக்கிற கடைக்குப் புதுசு போகக்கூடாது. நான் வேணாம்னா நீங்களும் போடக்கூடாது அக்கா."

முதலாளி நான், என்னை நிறுத்த அவளா என்று ஒரு கணம் மனம் முரண்டியது. பிறகு சம்மதித்தேன். நெருப்புப் பட்ட கை தானாக இழுக்கிற மாதிரித்தான் இதுவும். அதன் பிறகு திரும்பி வரும் பக்கெற்றுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன.

கடைகளை இருபத்திரண்டிலிருந்து பதின்மூன்றாகக் குறைத்தோம். ஒரு கிழமைக்குள் காசு தருகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டோம். கிழமைக்கு இருமுறை, குறைந்த அளவில் சாமான். மெசினை நிறுத்தி மூன்றாவது தாச்சி ஒன்று வைத்தோம். 2019 மாசியில் விற்றது முன்னையிலும் குறைவு, கையில் வந்தது முன்னையிலும் கூட. அந்த வருடக் கடைசியில் காப்பை மீட்டேன்.

அடிமேல் அடி

தொழிலை ஒருமுறை சரிப்படுத்தினால் போதும் என்று நினைத்திருந்தேன். காலம் அப்படி விடவில்லை.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனைக் கடைகள் பல நாள் பூட்டிக் கிடந்தன. 2020 மார்ச் 20ஆந் திகதி மாலை கொரோனா ஊரடங்கு வந்தது. வெளிநாட்டு விருந்தினர் வருகை அடியோடு நின்றது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உழுந்தும் மஞ்சளும் எட்டாத விலைக்குப் போயின. ஆயிரத்து ஐந்நூறு ரூபாவுக்குக் கிட்ட இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2021 ஒக்டோபரில் 2,600 ரூபாவைத் தாண்டி, 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் வரிசையில் நின்றால்தான் கிடைக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக உயர்ந்தது. அதாவது ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் சாமான் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ரொஸ் ஆஷ்பி என்ற அறிஞர் 1956இல் ஒரு விதி எழுதினார். எளிமையாகச் சொன்னால், வெளியிலிருந்து எத்தனை விதமான தொல்லை வருகிறதோ, அத்தனை விதமான மறுமொழி நம்மிடம் இருக்க வேண்டும் என்பதே அது. ஒரே அடுப்பு, ஒரே பலகாரம், ஒரே வகை வாடிக்கையாளர் என்றிருந்தால் ஒரு தொல்லை வந்தாலே விழுந்துவிடுவோம்.

நாங்கள் ஒவ்வொரு தொழிற்பாட்டையும் எடுத்து, "இது இல்லாவிட்டால் வேறென்ன வழி?" என்று ஐந்து பேரும் பாயில் இருந்து கதைத்தோம். மச்சாள் எழுதினார்.

எரிவாயு இல்லையா? மச்சாளின் கொட்டாஞ்சேனை வீட்டுக் கோடியில் விறகடுப்பு மூட்டினோம். வெள்ளவத்தையில் அதற்கு இடமில்லை, ஆகவே பொரிப்பது அங்கே, பொதி செய்வது இங்கே. மின்சாரம் இல்லையா? இரண்டு இடத்துக்கும் மின்வெட்டு நேரம் வேறாக இருந்த நாட்களில், கரண்ட் உள்ள பக்கத்தில் மாவை அரைத்தோம். பெற்றோல் இல்லையா? நடந்துபோகக் கூடிய கடைகளுக்கு மட்டும் சாமான், தூரத்துக்கு பஸ்ஸில் ஒருவர் மற்றவர் வழியில் கொண்டுபோவது. எண்ணெய் விலையா? எண்ணெய் தேவைப்படாத சத்துமா, வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள் என்று மாறினோம். மிளகாய்த்தூள் யோசனை வேலை செய்கிற பெண்களில் ஆக இளையவளுடையது. சனத்தின் கையில் காசு இல்லையா? பெரிய பக்கெற்றை விட்டு ஐம்பது கிராம் பக்கெற் போட்டோம். தரத்தைக் குறைக்கவில்லை.

எல்லாம் சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். விறகுப் புகையில் முதல் இரண்டு நாள் பொரித்தது கருகி வீணாய்ப் போனது. நான்கு மாதம் எல்லாருக்கும் அரைச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. எனக்கும் அதே அரை என்று கொப்பியைத் திறந்து காட்டினேன். கணக்குத் தெரிந்திருந்தபடியால் ஒருவரும் விட்டுப் போகவில்லை. கடைக்காரர் சிலர் தாமாகவே முற்பணம் தந்தார்கள். நேரத்துக்குக் காசு தருகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டதன் பலன் அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

இன்று முறுக்கு எங்கள் விற்பனையில் பாதிதான். மீதி மாவும் தூளும். விறகடுப்பை இடித்துவிடவில்லை. மாதத்தில் ஒருமுறை மூட்டிப் பார்க்கிறோம்.

சகோதரிகளே, நீங்களும் ஒரு கொப்பி வாங்குங்கள்

பலகாரமோ, தையலோ, பூமாலையோ, ரியூசன் வகுப்போ, உங்கள் தொழில் எதுவாகவும் இருக்கட்டும். ஒரே ஒரு கிழமை, ஒன்றையும் மாற்றாமல், நடப்பதை நடந்தபடி எழுதுங்கள். பிறகு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. சாமான் எந்த இடத்தில் காத்துக் கிடக்கிறது? அந்த இடத்துக்கு அடுத்த வேலைதான் உங்கள் தொழிலின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வேறெங்கு காசு போட்டாலும் வீண்.

2. நீங்கள் கொடுத்த ஒரு ரூபா உங்கள் கைக்குத் திரும்பி வர எத்தனை நாள்? அதை நாட்செலவால் பெருக்குங்கள். கடன் எடுக்க முன் அந்த நாட்களைக் குறைக்கப் பாருங்கள்.

3. ஒரு பிழை நடந்தால் உங்களுக்கு எத்தனை நாளில் தெரிய வருகிறது? யார் முதலில் காண்கிறார்? அவருக்கு வேலையை நிறுத்தும் உரிமை இருக்கிறதா?

4. ஒரு பொருள், ஓர் ஆள், ஒரு வாடிக்கையாளர் நாளைக்கு இல்லாமற் போனால் என்ன செய்வீர்கள்? பதில் இல்லாத இடத்தில் இப்போதே இரண்டாவது வழி ஒன்றைச் சிறிதாகத் தொடங்கி வையுங்கள்.

5. வேலை செய்கிறவர்களுக்குக் கணக்குத் தெரியுமா? தெரியாதவர் கூலிக்கு நிற்பார். தெரிந்தவர் கஷ்டத்திலும் கூட நிற்பார்.

தனியே இருந்து எழுதச் சலிப்பாக இருந்தால் நாலைந்து பேராகச் சேருங்கள். எங்கள் கொழும்பிலேயே 1989இல் வறிய குடியிருப்புப் பெண்கள் சிறு சிறு குழுக்களாகச் சேமித்துத் தொடங்கியதுதான் மகளிர் வங்கி. அதுவும் கொப்பியும் பேனையும் கொண்டு நடந்த தொழிலே.

மெசினை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பொரிக்கும் பிள்ளைதான் மறுமொழி சொல்லுவாள்: "அக்காவுக்கு மறக்காம இருக்கத்தான்." அவளுடைய மூத்த மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். பாடசாலை விட்டு வந்ததும் பக்கெற்றுக்குத் திகதி ஒட்டுவது அவள்தான். கொப்பி இப்போது பதினாலாவது. அதையும் அவள்தான் எழுதுகிறாள்.